மாஸ்டரம்மாவுக்கான இடம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்குப் பொறுமை வேண்டும். மாஸ்டருக்கு அது நிறையவே உண்டு, ஆனால் காருக்குள்ளே மட்டும். கிளட்சுக்குப் பதில் பிரேக்கை மிதித்து வண்டியைத் தூக்கிப் போடுகிறவர்களிடம்கூட, "பரவாயில்லம்மா, மறுபடி பாப்போம்" என்பார். கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தாரோ இல்லையோ, ஆள் வேறு. கடையில் வரிசையை மீறி யாராவது முன்னால் நுழைந்தால் போதும், அடுத்த தெருவரைக்கும் கேட்கும். இப்படிப்பட்ட மனுஷனிடம் போய் ஒரு கட்டடம் வம்புக்கு நின்றது என்றால் பாருங்கள்.

ஊருக்கு வெளியே, பஸ் வந்து திரும்புகிற இடத்துக்கு அடுத்த தெரு அது. தெருவின் மேல்பாதியில் பெரிய கேட்டும் கார் ஷெட்டுமாக வசதியான வீடுகள். கீழ்ப்பாதியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள். கதவைத் திறந்தால் செங்குத்தாகச் சில படிகள், படி முடிந்தால் நடைபாதை, அது முடிந்தால் ரோடு. மாஸ்டர் வீடு கீழ்ப்பாதியில். ஷெட் வைத்திருந்தவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? பழைய சோபா, ஓடாத சலவை மெஷின், பிள்ளைகள் ஓட்டி முடித்த சின்ன சைக்கிள் எல்லாவற்றையும் ஷெட்டுக்குள் தள்ளிவிட்டுக் காரைத் தெருவில்தான் விட்டார்கள். அவரவர் வாசலில் அவரவர் கார். காரை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது இடத்தில் எதையாவது வைத்துவிட்டுப் போவது அந்தத் தெருவின் வழக்கம். ஒரு வீட்டுக்கு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, இன்னொரு வீட்டுக்கு சிமெண்ட் ரொப்பிய பெயிண்ட் டப்பா. மாஸ்டருக்கு டிரைவிங் ஸ்கூலின் ஆரஞ்சுக் கூம்பு. ஒருத்தர் வைத்ததை இன்னொருத்தர் தொடமாட்டார்கள். இதற்கெல்லாம் சட்டம் கிடையாது, ஆனால் தெருவில் அதை மீறியவனும் கிடையாது.

மாஸ்டருக்கு அந்த இடம் வெறும் இடம் இல்லை. அவர் மனைவிக்கு, தெரு முழுக்க மாஸ்டரம்மா என்று கூப்பிடுகிறார்களே அந்த அம்மாவுக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. பிழைத்தாள். வலது கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

"போறதுன்னு ஆச்சு, வாய் போயிருந்தா நீங்க நிம்மதியா இருந்திருப்பீங்க. கால் போச்சு. உங்க நேரம்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவள் சொன்னபோதுதான் மாஸ்டருக்கு மூச்சே வந்தது.

வீட்டில் முடங்கிக் கிடக்கிற ஆள் இல்லை மாஸ்டரம்மா. பல் டாக்டர் கிளினிக்கில் போனை எடுத்துப் பேசுகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியதும் வாரத்தில் சில நாள் மத்தியானம் மட்டும் மறுபடி போக ஆரம்பித்தாள். "போன்ல யாருக்கு என் கால் தெரியப்போகுது? பல்வலிக்காரனுக்கு என் குரல் போதும்" என்பாள். கைத்தடி ஒரு கையில், மாஸ்டரின் தோள் இன்னொரு கையில். படியிறங்கி, நடைபாதையைத் தாண்டி, கார் கதவு வரைக்கும் வந்துவிடுவாள். அவள் காலின் எல்லை அவ்வளவுதான். அதற்கு மேல் நடந்தால் முட்டி மடங்கிவிடும். சக்கர நாற்காலி வாங்கலாம் என்று மாஸ்டர் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். "அந்தப் படியில எப்படி இறக்குவீங்க? உருட்டி விடுவீங்களா? அதுல ஒருதரம் உட்கார்ந்தேன்னா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டேன், எனக்குத் தெரியும்" என்று ஒரே வெட்டாக வெட்டினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தெருவின் கடைசியில் ஒரு பழைய மரச்சாமான் கிடங்கு இருந்தது. அதை இடித்துவிட்டு வாடகைக் குடியிருப்பு கட்டப்போவதாக ஒருநாள் பலகை வைத்தார்கள். மூன்று மாடி, மாடிக்கு மாடி வீடுகள். வரப்போகிற குடும்பங்களில் பாதிக்குக்கூடக் கார் நிறுத்த உள்ளே இடம் இல்லை என்று கேள்விப்பட்டதும் தெரு கொதித்தது. மாஸ்டர் முதலில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டட வேலை தொடங்கியதும் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒருநாள் மாஸ்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்கிலிருந்து திரும்பி வந்தால் வாசலில் ஒரு பிக்கப் வண்டி. ஆரஞ்சுக் கூம்பு நடைபாதையில் உருண்டு கிடக்கிறது. வண்டிக்காரனைக் காணோம். மாஸ்டர் காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு ஓடினார். அங்கே ஒருவன் அவனைக் கேள் என்றான், அவன் இவனைக் கேள் என்றான். பின்னால் ஒரு வேன் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கியது. திரும்பி வந்தவரிடம் மாஸ்டரம்மா கண்ணாடியை இறக்கி, தணிந்த குரலில், "என்னங்க, பாத்ரூம் போகணும்" என்றாள்.

"தோ, ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம்லாம் தாங்காதுங்க."

தாங்கவில்லை. பிக்கப்காரன் டீ டம்ளரோடு சாவகாசமாக வந்து, "சாரி சார், கூம்பைப் பார்த்து ரோடு வேலைன்னு நினைச்சேன்" என்று வண்டியை எடுத்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. வீட்டுக்குள் போனதும் மாஸ்டரம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள். மாஸ்டர் காரின் சீட்டைக் கழுவினார். கழுவக் கழுவ அவருக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இப்போதே இந்தக் கதி, நாளைக்கு அத்தனை குடும்பமும் வந்து இறங்கினால் இவள் எப்படி வெளியே போவாள்? அன்றைக்கு முடிவு செய்தார், அந்தக் கட்டடத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று.

தெருச் சங்கத்துக்குத் தலைவர் ஆடிட்டர். மேல்பாதியில் முதல் வீடு. கூட்டம் அவர் வீட்டு ஹாலில்தான் நடக்கும், ஏனென்றால் ஏசி அங்கேதான் இருக்கிறது.

"வாடகைக்காரங்க சார்" என்றார் ஆடிட்டர். "இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. தெரு மேல அவங்களுக்கு என்ன அக்கறை?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அவரும் அவர் மனைவியும் இந்த வீட்டை வாங்குவதற்கு முன் அரை ஆயுசு வாடகை வீட்டில் இருந்தவர்கள்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சண்டைக்கு ஆள் வேண்டுமே.

விஷயம் இதுதான் என்று ஆடிட்டர் விளக்கினார். கட்டடத்துக்கு அனுமதி கிடைத்தாயிற்று. கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிய கடைசி முடிவு மட்டும் நகராட்சியில் பாக்கி. அதற்காக ஒருநாள் ஆள் அனுப்பித் தெருவில் வண்டிகளை எண்ணப்போகிறார்கள். தெருவில் இடம் இருக்கிறது என்று எழுதிவிட்டால் கட்டடக்காரனுக்குக் கொண்டாட்டம்.

"பகல்ல வந்து எண்ணினா பாதிப் பேரு வேலைக்குப் போயிருப்பாங்க. தெரு ஈ ஓட்டும். நம்ம கதை கந்தலாயிடும்" என்றார் ஆடிட்டர்.

அப்போதுதான் மாஸ்டர் எழுந்தார். "எந்த நாள்னு மட்டும் சொல்லுங்க சார். தெருவை ரொப்பித் தர வேண்டியது என் பொறுப்பு."

ரொப்பினார். சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதிரி ஒரு வேலையை வேறு எவனாலும் செய்திருக்க முடியாது. இத்தனை வருஷமாக அவரிடம் கார் கற்றுக்கொண்டவர்களுக்கெல்லாம் போன் போட்டார். "மாஸ்டர் கேட்டா இல்லைன்னு சொல்வோமா" என்று கிளம்பி வந்தார்கள். ஆடிட்டரின் மச்சான் கார், மச்சானின் சம்பந்தி கார், யாரோ ஒருவரின் பழுதாகிப் போன வேன். வந்த வண்டி ஒவ்வொன்றின் சாவியையும் கையில் வாங்கி, மாஸ்டரே ஏறி, தெருவின் இரண்டு பக்கமும் அடுக்கினார். இரண்டு காருக்கு நடுவில் கையை நீட்டிவைத்தால் கை சிக்கிக்கொள்ளும், அவ்வளவு நெருக்கம். ஒரு வண்டியிலும் ஒரு கீறல் இல்லை. சாதாரண ஆள் பத்து வண்டி நிறுத்துகிற நீளத்தில் அவர் மேற்கொண்டு இரண்டு மூன்று நிறுத்திக் காட்டினார். தெருவே கைதட்டியது. மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்துச் சோர்வெல்லாம் பறந்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி தெருவில் மேலும் கீழும் நடந்தார்.

அவர் வாசலிலும் வேறு யாரோ ஒருவரின் கார்தான் நின்றது. அவருடைய கார் தெருவில் எங்கேயோ தள்ளி, எடுக்க முடியாதபடி நாலு வண்டிகளுக்கு நடுவில்.

"இன்னைக்கு எனக்கு டியூட்டி இருக்குங்க" என்றாள் மாஸ்டரம்மா ஜன்னலிலிருந்து.

"ஒருநாள் லீவு சொல்லிடும்மா. உனக்காகத்தானே இதெல்லாம்."

"எனக்காக என்னை வீட்டுல பூட்டி வைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கிளினிக்குக்குப் போன் செய்தாள்.

எண்ண வந்தது ஒரு சின்னப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடக்கு நாற்காலி. நிழல் தேடி மாஸ்டர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள். மாஸ்டரம்மா ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பேச்சு வளர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் குப்பை லாரி தெருவுக்குள் நுழைந்து, பாதியில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றது. அந்தப் பெண் எழுந்து போட்டோ எடுத்தாள்.

"ஆன்ட்டி, தினமும் இப்படித்தானா?"

மாஸ்டரம்மா எதிர்ப்பக்கம் பார்த்தாள். மாஸ்டர் லாரிக்குப் பின்னால் நின்று, கையை ஆட்டி ஆட்டி டிரைவருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. எவ்வளவு நாளாயிற்று அந்த முகத்தை அப்படிப் பார்த்து! வாழ்க்கையில் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கம் கிடையாது.

"தினமும்தான்மா. இன்னைக்குப் பரவாயில்லை" என்றாள்.

ஜெயித்துவிட்டார்கள். கட்டடக்காரர்கள் கூடுதலான கார்களுக்கு உள்ளேயே இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று நகராட்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாம். ஆடிட்டர் தன் வீட்டு ஹாலில் எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். "இந்த வெற்றி மாஸ்டருக்குத்தான்" என்று தோளில் தட்டினார். மாஸ்டர் தன் துண்டைத் தின்னாமல் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாஸ்டரம்மா அதைச் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தப் பொண்ணுகிட்ட நானும் ஒரு பொய் சொன்னேன்" என்று சொல்லிச் சிரித்தாள். "நீங்க ஒத்த ஆளா பாவத்தைச் சுமக்க வேணாம்னுதான்." இருவரும் சிரித்தார்கள்.

அப்புறம் கொஞ்ச நாள் தெரு நிம்மதியாக இருந்தது. கட்டடம் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் ஒரு மாணவிக்குப் பாடம் எடுத்துவிட்டு மாஸ்டர் திரும்பினால், தெருவில் ஆட்கள் நின்று ரோட்டோரமாக மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும். அவர் கூம்பு, எதிர்வீட்டு நாற்காலி, பெயிண்ட் டப்பா எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கம்பத்தில் புதுப் பலகை: இந்தத் தெருவில் எந்நேரமும் வாகனங்களை நிறுத்தக் கூடாது. அதற்கு மேலே ஒரு கேமரா.

"என்னப்பா இது? யாரு சொன்னது?"

பெயிண்ட் அடித்தவன் நிமிர்ந்து பார்த்தான். "ஆபீஸ்ல சொன்னாங்க சார். குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி எதுவும் போக வழியில்லாத ரோடாமே இது. போட்டோல்லாம் இருக்காம்."

மாஸ்டர் மூலையில் கிடந்த தன் கூம்பை எடுத்தார். தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது புரிய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு அழகாக நிறுத்திக் காட்டியது அவர்தானே!

அன்றைக்கே நகராட்சிக்கு ஓடினார். போக்குவரத்து அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். மனைவியின் நிலைமையை மாஸ்டர் சொன்னார். நடக்க முடியாதவர்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கித் தருவது உண்டு என்றார் அதிகாரி. மாஸ்டருக்கு உயிர் வந்தது.

"ஆனா இந்த ரோட்டுல தர முடியாதுங்க. எண்ணிக்கையைப் பார்த்தீங்கன்னா ஆபத்தான ரோடு. மெயின் ரோட்டுல, பஸ் திரும்புற இடத்துக்குப் பக்கத்துல வேணும்னா தரலாம்."

"அங்கேருந்து அவளால நடக்க முடியாது சார்."

"புரியுது."

"சார்" என்று மாஸ்டர் எச்சிலை மென்று விழுங்கினார். "அந்த எண்ணிக்கை பொய் சார். அன்னைக்கு நாங்கதான் வெளி வண்டியெல்லாம் கொண்டுவந்து நிறுத்தினோம். நான்தான் நிறுத்தினேன்."

அதிகாரி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூட மாஸ்டருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "மறுபடி எண்ணச் சொல்லலாம். ஆனா தெருக்காரங்க எல்லாரும் சேர்ந்து வந்து கேக்கணும். அன்னைக்குச் செஞ்சது பொய்னு அவங்களும் சொல்லணும். சொல்வாங்களா?"

சொல்வார்களா! மாஸ்டர் ஆடிட்டர் வீட்டுக்குப் போனார். ஆடிட்டர் தன் கார் ஷெட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பழைய சோபா வெளியே கிடந்தது. ஷெட்டுக்குள் கார் ஜம்மென்று நின்றது.

"வாங்க மாஸ்டர். தெருவைப் பாத்தீங்களா? எவ்வளவு விசாலமா இருக்கு! வந்த புதுசுல இப்படித்தான் இருந்தது."

"எனக்கு ஷெட் இல்ல சார்."

"அது கஷ்டம்தான்" என்றார் ஆடிட்டர், உண்மையான வருத்தத்தோடுதான். "ஆனா பொய் சொன்னோம்னு எழுதிக் கொடுக்கச் சொல்றீங்க. நான் கையெழுத்துப் போட்டுப் பொழைக்கிறவன் மாஸ்டர். என் பேர் என்னாகும்? அதுவும் இல்லாம, மேல இருக்கிறவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. இப்ப வீட்டுக்கெல்லாம் மதிப்பு கூடியிருக்குன்னு பேசிக்கிறாங்க."

"அன்னைக்கு என்னைத் தோள்ல தட்டினீங்களே சார்."

ஆடிட்டர் சோபாவின் ஒரு முனையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். வாயில் வந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு மாஸ்டர் வெளியே வந்தார். கீழ்ப்பாதியில் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். அவர்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் காலுள்ளவர்கள், மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வரப் பழகிவிட்டார்கள். ஆபீஸுக்குப் போய்ப் பொய் சொன்னோம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. "விடுங்க மாஸ்டர், நமக்கெதுக்கு வம்பு" என்றார்கள்.

அப்படியும் அவர் விட்டுவிடவில்லை. வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஓடிப்போய் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கி ஏற்றிவிட்டுப் பறந்துவிடலாம் என்று பார்த்தார். ஏற்றுவதற்காக நிறுத்துவதும் நிறுத்துவதுதான் என்று அபராதம் வந்தது. அதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. இடம் காலியானதும் தெருவில் வண்டிகள் பறக்க ஆரம்பித்திருந்தன. மெயின் ரோட்டுக்குக் குறுக்கு வழி என்று எவனோ கண்டுபிடித்துவிட்டான். வாசலில் அவர் கார் நின்றால் பின்னால் உடனே ஒரு வரிசை. ஹாரன் மேல் ஹாரன். மாஸ்டரம்மா படியில் ஒரு காலை வைத்து மற்றக் காலைத் தேடும் நேரத்தில் எவனோ ஜன்னலிலிருந்து கத்தினான்.

"அவசரப்படுத்தாதீங்க" என்றாள் அவள் மாஸ்டரிடம். "அவசரம் மட்டும்தான் என் காலுக்கு ஆகாது."

"நான் எங்கம்மா அவசரப்படுத்தறேன், பின்னாடி நிக்கிறவன்..." என்று அவர் திரும்பிய அந்த ஒரு கணத்தில் அவள் கடைசிப் படியில் மடங்கி விழுந்தாள்.

எலும்பு முறியவில்லை. முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவளுக்குள் வேறு ஏதோ முறிந்துவிட்டது. அடுத்த டியூட்டி நாளில் புடவை மாற்றவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. கிளினிக்கிலிருந்து டாக்டரே பேசினார். மாத முடிவு வரைக்கும் பார்க்கிறேன், அதற்கு மேல் வேறு ஆள் வைத்தாக வேண்டும் என்றார். அவர் பேச்சிலும் தப்பில்லை. மாஸ்டரம்மா போனை வைத்துவிட்டு நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள். கிண்டலும் கேலியுமாக வீட்டை நிறைத்த குரல் குறைந்துகொண்டே வந்தது. மாஸ்டர் என்ன கேட்டாலும், "ம்" என்றாள். அந்த "ம்" அவரை அறுத்தது. இதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளாகவே பேசினாள். "என்னங்க, அந்தக் கட்டடம் முடிஞ்சிடுச்சு போலிருக்கே."

"முடியட்டும். நாசமாப் போகட்டும்."

"வாடகைக்குன்னு போர்டு தொங்குது. போய்ப் பார்த்துட்டு வருவோமா?"

மாஸ்டர் அதிர்ந்து போனார். "அங்கயா? நாமளா?"

"இந்த வீட்டுல படி இருக்கு. வாசல்ல கார் நிறுத்த முடியாது. இதை வாடகைக்கு விட்டுட்டு நாம அங்க போவோம். அங்க உள்ளயே கார் நிறுத்தலாம். சுத்திச் சுத்தி யோசிச்சிட்டேன், எனக்கு வேற வழி தெரியல." நிறுத்தினாள். "எனக்கு வேலைக்குப் போகணுங்க. இந்த ஜன்னல்ல உட்கார்ந்து செத்துப்போக எனக்கு இஷ்டமில்ல."

அந்த வார்த்தைக்கு அப்புறம் மாஸ்டருக்கு மானமாவது ரோஷமாவது. ஞாயிற்றுக்கிழமை, தெருவில் வண்டி குறைவு. யாரும் ஹாரன் அடிக்காத நேரமாகப் பார்த்துக் காரைக் கொண்டுவந்து அவளை ஏற்றினார். தெருக்கோடிதான், ஆனால் அவளுக்கு அதுவே வெளியூர்ப் பயணம். கிளினிக்குக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள்.

கட்டடத்தின் மேனேஜர் இளவயசுக்காரர், சிரித்த முகம். கேட்டைத் திறந்துவிட்டு, "உள்ளயே கொண்டு வாங்க சார், இன்னும் யாரும் முழுசா வரல, எங்க வேணும்னாலும் விடுங்க" என்றார். கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்தும் இடம். வழவழப்பான தரை, மேடு பள்ளம் இல்லை, படி இல்லை. மாஸ்டர் ஒரு மூலையில் வண்டியை நிறுத்தினார். மாஸ்டரம்மா கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி, அவர் வருவதற்குள் தானாகவே எழுந்து நின்றுவிட்டாள்.

"பாத்தீங்களா?" என்றாள். அவள் குரலில் பழைய ஜோர் வந்திருந்தது. "நீங்க இல்லாமலே இறங்கிட்டேன்."

மாஸ்டர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். இதற்காக அந்தக் கட்டடக்காரனின் காலில்கூட விழலாம் என்று தோன்றியது அவருக்கு.

"கீழ்வீடு எதுவும் காலியா இருக்கா தம்பி?" என்று மாஸ்டரம்மா மேனேஜரைக் கேட்டாள். "என்னால மாடி ஏற முடியாது. லிஃப்ட் இருக்கா?"

மேனேஜரின் முகம் வாடியது. "மூணு மாடிதானேன்னு லிஃப்ட் போடலம்மா. கீழ வீடும் இல்லை."

"எல்லாம் போயிடுச்சா?"

"போகலம்மா, கட்டவே இல்ல. முதல் பிளான்ல இங்க கீழ வீடுகள்தான் இருந்தது. உங்களை மாதிரி நடக்கக் கஷ்டப்படறவங்களுக்குன்னே போட்டது. அகலமான கதவு, பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி, வாசல்ல ஒரு படிகூடக் கிடையாது. நிறையப் பேர் கேட்டு வந்தாங்க. அப்புறம் இந்தத் தெருக்காரங்க கார் நிறுத்த இடம் பத்தாதுன்னு பெரிய பிரச்சினை பண்ணிட்டாங்க. நகராட்சியும் அவங்க பக்கம் பேசிடுச்சு. வேற வழியில்லாம கீழ இருந்த வீடு அத்தனையும் எடுத்துட்டுக் கார் நிறுத்தற இடமா மாத்திட்டோம்." பாவம், விஷயம் தெரியாத மனுஷன், கையை நீட்டிக் காட்டினார். "இப்ப உங்க கார் நிக்குதே, அதுவே ஒரு வீட்டோட பெட்ரூம் வந்திருக்க வேண்டிய இடம்."

மாஸ்டரின் முகத்தில் ஈ ஆடவில்லை. மாஸ்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து, வெள்ளைக் கோடு போட்டிருந்த அடுத்த கட்டத்துக்குள் போய் நின்றாள்.

"அப்போ அடுப்படி எங்க வந்திருக்கும்?"

"அங்கதாம்மா, நீங்க நிக்கிற இடத்துல. ஜன்னல் அந்தத் தூணுக்குப் பக்கத்துல."

அவள் தூணைப் பார்த்தாள். அதற்கு அப்பால் வெறும் கம்பித் தடுப்பு, அதன் வழியாகத் தெருவும் மஞ்சள் கோடும் தெரிந்தன. "நல்ல வெளிச்சம் வந்திருக்கும்" என்றாள்.

மாஸ்டரால் அதற்கு மேல் முடியவில்லை. "தம்பி" என்றார். "அந்தத் தெருக்காரன் நான்தான். எல்லாரையும் கூட்டி வந்து வண்டி நிறுத்தினவன் நான்தான்."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "மாடியில வேணும்னா ஒண்ணு காட்டட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், போன் வந்தது போல ஒதுங்கிப் போனார்.

மாஸ்டரம்மா திரும்பி வந்து காரில் ஏறினாள். அதற்கும் அவர் கை வேண்டியிருக்கவில்லை. மாஸ்டர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து சாவியைத் திருகினார். கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திட்டேன்" என்றார். "ஒரு வார்த்தை திட்டிடேன்."

அவள் திட்டவில்லை.

"வீட்டுக்குப் போலாமா?"

"வீட்டு வாசல்ல நிறுத்த முடியாதே" என்றாள். "கொஞ்ச நேரம் இங்கேயே இருப்போங்க. யாராவது வந்து எடுக்கச் சொல்ற வரைக்கும்."

மாஸ்டர் இன்ஜினை அணைத்தார்.